வெற்றிலை மென்ற தாடை

அன்புள்ள ஐயா,

மேலூரில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடையில் வேலை பார்க்கிறேன். பழைய சாமான் கடையில் கிடைத்த கேனான் லைடு ஸ்கேனரைப் பிரித்து, அட்டைப்பெட்டி, பூதக்கண்ணாடி, கருப்பு டேப் வைத்து ஒரு பெரிய கேமரா செய்திருக்கிறேன். லேப்டாப்பில் செருகினால் ஏ4 அளவுக்குப் படம் எடுக்கிறது. ஒரு படத்துக்கு நாற்பது நொடி ஆகும். சில சந்தேகங்கள். படம் கருப்பு வெள்ளையில்தான் வருகிறது, கலர் வரவைக்க முடியுமா? படம் முழுக்க நெடுக்குக் கோடுகள் விழுகின்றன. வேப்பமரத்து இலையெல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது. இதை எத்தனை மெகாபிக்சல் என்று சொல்லலாம்?

முக்கியமான கேள்வி: என் அப்பத்தாவைத் திண்ணையில் உட்காரவைத்து எடுத்தேன். நெற்றியும் கண்ணும் அருமையாக வந்திருக்கின்றன. ஆனால் வெற்றிலை மென்றுகொண்டே இருந்ததால் வாயும் தாடையும் அலை அலையாக நெளிந்துவிட்டன. ஏஐ ஆப்பில் போட்டு முகத்தைச் சரிசெய்யலாம் என்று நண்பர் சொல்கிறார். எந்த ஆப் நல்லது? கெட்டுப்போன படத்தை அனுப்புவதற்கு மன்னிக்கவும்.

ஒரு வாசகர், மேலூர்

*

அன்புள்ள தம்பி,

பி.டி. உஷாவின் 1984 ஓட்டத்தில் முடிவுக் கோட்டில் எடுத்த படத்தைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்திருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இரண்டும் ஒரே விஷயம். எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் சில்லறைச் சந்தேகங்களை முடித்துவிடுவோம்.

உங்கள் சென்சாருக்கு நிறம் தெரியாது. ஸ்கேனராக இருந்தபோது சிவப்பு, பச்சை, நீல எல்.இ.டி.கள் மாறி மாறி எரிந்து அதற்கு நிறத்தைப் பிரித்துக் கொடுத்தன. அவற்றை நீங்களே மறைத்துவிட்டீர்கள், அப்புறம் கலர் எங்கிருந்து வரும்? லென்ஸுக்கு முன்னால் சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்களை ஒவ்வொன்றாக வைத்து மூன்று தடவை எடுத்து ஒன்றாகச் சேருங்கள். ரஷ்யாவில் புரோகுதின்-கோர்ஸ்கி என்ற புகைப்படக்காரர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ணாடித் தட்டுகளில் இப்படித்தான் எடுத்தார். அவர் படங்களில் ஆற்றுநீர் ஓடும் இடத்தில் மட்டும் மூன்று நிறமும் ஒட்டாமல் பிரிந்து நிற்கும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது, பாருங்கள். வேப்பிலை வெளுப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரால், இலை அதை நிறையத் திருப்பி அனுப்பும். தன் விளக்கின் வெளிச்சத்தை மட்டுமே பார்க்கச் செய்த சென்சார் அது, அகச்சிவப்பைத் தடுக்க வேண்டிய தேவையே அதற்கு இருக்கவில்லை. தடுப்பு ஃபில்டர் ஒன்று போட்டால் இலை கறுத்துவிடும். நானாக இருந்தால் போடமாட்டேன். அந்த வெள்ளை வேம்பு எனக்குப் பிடித்திருக்கிறது. நெடுக்குக் கோடுகளுக்குக் காரணம், ஸ்கேனர் தன் விளக்கை வைத்து ஒவ்வொரு புள்ளியையும் சமன்படுத்திக்கொள்ள முயன்று ஏமாறுவது. லென்ஸை மூடி ஒரு படம், சீரான வெளிச்சத்தில் வெள்ளைத்தாளை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எடுக்கும் படத்திலிருந்து முதலாவதைக் கழித்து, இரண்டாவதால் வகுத்தால் கோடுகள் பெரும்பாலும் போய்விடும்.

மெகாபிக்சல் கேள்வியை நீங்கள் கேட்டிருக்கவே கூடாது. அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்தால் ஏ4 அளவுக்கு ஏறக்குறைய மூன்றரைக் கோடி புள்ளிகள் வரும். உங்கள் பூதக்கண்ணாடி அதில் பாதி நுணுக்கத்தைக்கூடத் தராது. கையால் ஒரு கேமராவைச் செய்து முடித்தவருக்கு, போன் விற்கும் கடைக்காரர் பேச்சு எதற்கு? நீங்கள் செய்திருப்பது போனைக் கொண்டு முடியாத காரியம். அது என்ன காரியம் என்பதே தெரியாமல் மன்னிப்பு வேறு கேட்கிறீர்கள். ‘கெட்டுப்போன படம்’ என்ற சொல்லைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

உஷாவுக்கு வருகிறேன். 1984, லாஸ் ஏஞ்சலிஸ், பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம். மூன்றாவதாக வந்த ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜொகாரு 55.41 நொடி. உஷா 55.42. நொடியில் நூறில் ஒரு பங்கு. எங்கள் வீட்டில் அந்த ஒரு பங்கு பல வருடம் ஓடியது. சித்தப்பா பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். உஷாவின் கால்தான் முதலில் கோட்டைத் தாண்டியது என்பது அவர் கட்சி. ஓட்டப்பந்தயத்தில் கையும் காலும் தலையும் கணக்கில் வராது, உடம்புதான் கோட்டைத் தொட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பிள்ளைகளுக்கு அவரே சொல்லித்தருவார், நெஞ்சை முன்னால் தள்ளு என்று. ஆனாலும் அந்தத் தீர்ப்பைச் சொன்ன படத்தை அவர் நம்பத் தயாராக இல்லை. ஏதோ ஒரு பத்திரிகையில் இந்த வகைப் படம் ஒன்றைப் பார்த்திருந்தார். அதில் ஓர் ஓட்டக்காரரின் ஷூ முழ நீளத்துக்கு இழுபட்டுக் கிடந்தது. “ஒரு ஷூவை ஒழுங்கா காட்டத் தெரியாத மிஷின் நூறுல ஒரு பங்கைச் சொல்லுமாடா?” என்பார். யாராலும் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த ஷூவுக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். அந்தக் கேமராவுக்குக் கதவு திறந்து மூடுகிற ஷட்டர் கிடையாது. முடிவுக் கோட்டை மட்டும் பார்க்கும் மெல்லிய பிளவு ஒன்று உண்டு. அன்றைக்கு அதற்குப் பின்னால் பிலிம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். கோட்டைக் கடப்பது எதுவோ அது மட்டும் ஒவ்வொரு கீற்றாகப் பதியும். ஆகவே அந்தப் படத்தில் இடமிருந்து வலம் போவது நேரம். ஒரு காலைக் கோட்டின் மேல் ஊன்றினால், ஊன்றியிருக்கும் நேரம் முழுக்க அதே ஷூ திரும்பத் திரும்பப் பதிந்து நீளும். காற்றில் வீசிப் பறக்கும் கால் ஒடுங்கிவிடும். ஷூவின் நீளம் கோளாறு இல்லை, அந்தக் கால் கோட்டின் மேல் எத்தனை நேரம் நின்றது என்ற கணக்கு. அந்த ஷூவை யாராவது அழகாக்கிக் கொடுத்திருந்தால் படத்தில் நேரம் செத்துப்போயிருக்கும், 55.41 எது, 55.42 எது என்று ஒருவராலும் படித்திருக்க முடியாது. சித்தப்பா எதைக் காட்டி அந்தப் படத்தைப் பொய் என்றாரோ, அதை வைத்துத்தான் அந்தப் படம் உண்மையைச் சொன்னது. கடைசிவரை அவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. உஷா மேல் அவருக்கு அவ்வளவு பாசம்.

உங்கள் ஸ்கேனரும் அந்த ஜாதிதான். ஒரே வித்தியாசம், அங்கே பிளவு நிற்கிறது, ஆட்கள் ஓடுகிறார்கள். இங்கே ஆள் உட்கார்ந்திருக்கிறார், பிளவு நகர்கிறது. சென்சார் ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் பார்க்கும். அடுத்த வரியைப் பார்க்கும்போது முந்தைய வரி கடந்த காலம். பெட்டிக்குள் விழும் பிம்பம் சென்சார் போகும் திசையிலேயே நகர்ந்தால் ஆள் நீளுவார், எதிர்த் திசையில் நகர்ந்தால் ஒடுங்குவார். இரண்டும் ஒரே வேகத்தில் போனால் ஒரே கீற்று படம் முடியும்வரை இழுபடும். தெருவில் சைக்கிளில் போகிறவரை இரண்டு திசையிலும் போகச்சொல்லி எடுத்துப் பாருங்கள். மைக்கேல் கோலெம்பெவ்ஸ்கி என்பவர் 2000களில் உங்களைப் போலவே ஸ்கேனர்களைக் கேமராவாக்கி, இந்த நீட்டலையும் ஒடுக்கத்தையும் வேண்டுமென்றே வரவழைத்துப் படம் எடுத்தார். ஸ்டூடியோக்களிலும் அருங்காட்சியகங்களிலும் பெரிய கேமராவின் பின்னால் மாட்டும் ஸ்கேனிங் பேக் என்று ஒன்று உண்டு, விலை அதிகம். அதுவும் வரிவரியாகத்தான் எடுக்கும். ஓவியங்களைப் படமெடுக்க வைத்திருக்கிறார்கள், ஓவியம் அசையாதே. அசைகிற மனிதரை அதன் முன்னால் உட்காரவைத்தால்தான் விஷயமே இருக்கிறது.

இப்போது நீங்கள் அனுப்பிய படத்துக்கு வருவோம். பெரிதாக்கிப் பார்த்தேன். நாற்பது நொடியில் முப்பது சென்டிமீட்டரை சென்சார் கடந்திருக்கிறது. மேலுதட்டிலிருந்து முகவாய்க்கட்டைவரை உங்கள் படத்தில் சுமார் மூன்று சென்டிமீட்டர், அதாவது நான்கு நொடி. அந்த நான்கு நொடிக்குள் தாடையின் ஓரம் ஐந்து தடவை வலப்பக்கம் ஒதுங்கித் திரும்பியிருக்கிறது. மூன்றாவது வளைவு மற்றவற்றைவிடப் பெரிது, பாக்கு பல்லில் மாட்டியிருக்க வேண்டும். கடைசி வளைவு பாதியில் நிற்கிறது, ஒரு கணம் மெல்வதை நிறுத்தியிருக்கிறார். உங்களைப் பார்த்து ஏதாவது சொல்ல நினைத்தாரோ என்னவோ, அது உங்களுக்குத்தான் தெரியும். நெற்றியில் ஒரு நெளிவும் இல்லை. வாய் அவ்வளவு வேலை செய்யும்போது தலையை அத்தனை நிதானமாக வைத்துக்கொண்டு பேரனின் அட்டைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எந்த போட்டோவிலாவது உங்கள் அப்பத்தா இப்படி வெற்றிலை மென்று பார்த்திருக்கிறீர்களா? வெற்றிலை போட்ட வாயைத்தான் பார்த்திருப்பீர்கள்.

இதை ஆப்பில் போட்டுச் சரிசெய்யப் போகிறீர்களாம். அந்த ஆப் என்ன செய்யும் தெரியுமா? உங்கள் அப்பத்தாவை அது பார்த்ததே இல்லை. ஊர் உலகத்தில் உள்ள ஆயிரக்கணக்கான தாடைகளைப் பார்த்துப் பழகியிருக்கிறது, அதிலிருந்து பொதுவாக ஒரு தாடையைச் செய்து ஒட்டும். சுருக்கத்தையும் தன் இஷ்டத்துக்குப் போடும் அல்லது எடுக்கும். கண்ணும் நெற்றியும் அப்பத்தாவுடையது, வாய்க்குக் கீழே யாரோ ஒருவர். அதை ஃபிரேம் போட்டு மாட்டினால், இருபது வருடம் கழித்து உங்கள் பிள்ளைகள் அதைத்தான் பூட்டி என்று நம்புவார்கள். நண்பரிடம் சொல்லுங்கள், அவர் போனில் எடுத்த படங்களை என்னவும் செய்துகொள்ளட்டும். இதைத் தொட வேண்டாம்.

ஸ்கேனர் கொடுத்த ஃபைலை, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) வடிவத்தில் அப்படியே இரண்டு இடத்தில் வையுங்கள். எந்தத் தேதி, எத்தனை நொடி, சென்சார் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் அந்த வளைவுகளைப் பின்னால் யாரும் எண்ண முடியாது. பிறகு, படத்தை அப்பத்தாவிடம் காட்டியதாக நீங்கள் எழுதவே இல்லை. கோணலாக வந்துவிட்டதே என்று கூச்சப்பட்டு மறைத்திருப்பீர்கள். முதலில் போய்க் காட்டுங்கள்.

அடுத்த படத்தையும் திண்ணையிலேயே எடுங்கள், வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சம் வேண்டாம். கரண்டின் துடிப்பு பட்டை பட்டையாக விழும். வெற்றிலையைத் துப்பிவிட்டு வரச்சொல்லாதீர்கள்.