ஸ்பிரிங் விறைத்தது, ஷாக் அப்சார்பர் பின்தங்கியது

கேள்வி: பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காகக் காரின் முன் ஸ்பிரிங்குகளை மில்லிமீட்டருக்கு 20 நியூட்டனிலிருந்து 40 நியூட்டனுக்கு மாற்றினேன், ஷாக் அப்சார்பர்கள் பழையவையே. மேடு ஏறி இறங்கியபின் முன்பகுதி இரண்டு மூன்று முறை குதிக்கிறது. ஸ்பிரிங் தவறா? – வாசகர், கோவை

பதில்: ஸ்பிரிங் மீது குற்றமில்லை. அமுங்கிய ஸ்பிரிங் சேமித்த ஆற்றலை வெப்பமாக்கிக் கரைப்பது, ஷாக் அப்சார்பரின் பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியே பிதுங்கும் எண்ணெய்தான். ஆட்டத்தை அடக்கத் தேவைப்படும் தணிப்பு, விறைப்பின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே உயர்வதால், ஸ்பிரிங் 2 மடங்கு விறைத்தால் தணிப்பு சுமார் 1.4 மடங்கு உயர்ந்தால் போதும். முன்பு தணிப்பு விகிதம் (ஆட்டமே இல்லாமல் நிற்கத் தேவையான தணிப்பில் எத்தனை பங்கு இருக்கிறது என்பது) 0.3 என்று கொண்டால், இப்போது அது ஏறத்தாழ 0.21, குதிப்பின் காரணம் அதுவே.

தணிப்பைக் கூட்ட வேண்டியது பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் விரியும் திசையில்தான், ஏனெனில் ஸ்பிரிங்கின் உதைப்பைத் தாங்குவது அங்கேதான். ஆனால் பலர் செய்வதுபோல் ஷாக் அப்சார்பரில் தணிப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகை இறுதிவரை முறுக்கிவிடாதீர்கள்: அடுத்தடுத்த மேடுகளில் ஸ்பிரிங் முழுதாக விரிவதற்குள் மீண்டும் அமுங்கி, வண்டி படிப்படியாகத் தாழ்ந்து, டயர் தரைப்பிடிப்பை இழக்கும். திருகு இல்லாத சாதாரண வகையாயின், புதிய ஸ்பிரிங்குக்கு ஏற்ப வால்வு மாற்றியமைக்கப்பட்டதைப் பொருத்துங்கள்.