படப்பிடிப்பு நடந்த இங்கிலாந்து கிராமங்கள்: சுற்றுலா பஸ்ஸில் ஏறலாமா?

கேள்வி: கோடையில் மகள் வீட்டுக்கு லண்டன் போகிறேன். 'டவுன்டன் ஆபி', 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' போன்ற பழைய காலத் தொடர்களை எடுத்த கிராமங்களை ஒரே நாளில் பஸ்ஸில் சுற்றிக் காட்டுகிறார்களாம். நாலு கிராமம், ஒரு மாளிகை. மருமகனோ, "எல்லாம் ஷூட்டிங்குக்காக ஜோடித்த இடம், அதற்குப் போய் காசு செலவழிப்பதா?" என்கிறார். போகலாமா?

பதில்: கண்டிப்பாகப் போங்கள். ஆனால் அந்த பஸ் வேண்டாம். நாலு கிராமமும் ஒரு மாளிகையும் ஒரே நாளில் என்றால் பகலில் பாதி சாலையிலேயே போய்விடும். மீதிப் பாதியில் இறங்கி, கதாநாயகி நின்ற வாசலில் ஒரு போட்டோ எடுத்து, கழிப்பறையைத் தேடிக் கண்டுபிடித்து, திரும்ப ஓடி வந்து ஏறத்தான் நேரம் இருக்கும்.

திரையில் ஒரே ஊராகத் தெரிவது நிஜத்தில் பல மாவட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. டவுன்டன் ஆபி கதை நடப்பது வடக்கே யார்க்‌ஷயரில். மாளிகையாக வரும் ஹைகிளியர் கோட்டை தெற்கே ஹாம்ப்ஷயரில். கிராமத்துத் தெருவும் தேவாலயமும் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் பாம்ப்டனில். தொடரில் மாளிகைக்காரர்கள் சாவகாசமாகத் தேவாலயத்துக்கு வந்து போகிறார்கள், நிஜத்தில் இரண்டுக்கும் நடுவே சாலை வழியாக 50 கிலோமீட்டருக்கு மேல்.

மருமகன் சொல்வதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜோடனை எதுவும் தேவைப்படாத இடங்கள் என்பதால்தான் படக்குழுக்கள் அங்கே போகின்றன. வில்ட்ஷயரில் இருக்கும் லேகாக் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1995ல் வந்த பிபிசியின் பிரைட் அண்ட் பிரெஜுடிஸில் மெரிட்டன் என்ற ஊராக வருவது இதுதான், 2007ல் வந்த கிரான்ஃபோர்ட் தொடரையும் இங்கேதான் எடுத்தார்கள். இங்கே 13ம் நூற்றாண்டில் கன்னியர் மடமாகத் தொடங்கிய பெரிய கட்டடம், பிற்பாடு டால்பட் குடும்பத்தின் வீடானது. ஊரும் அவர்கள் கையில்தான் இருந்தது. 1944ல் மட்டில்டா டால்பட் என்ற பெண்மணி அந்த வீட்டையும் கிராமத்தையும் சேர்த்து, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் ட்ரஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் அங்கே பெரும்பாலான வீடுகளில் இருப்பவர்கள் ட்ரஸ்ட்டுக்கு வாடகை கொடுக்கிற குடித்தனக்காரர்கள். ஆளாளுக்கு ஜன்னலை மாற்றி, மாடி எழுப்பி, டிஷ் ஆன்டெனா மாட்ட முடியாது. அதனால் படக்குழு வந்தால் தார் ரோட்டின்மேல் மண்ணைக் கொட்டி, பார்க்கிங் கோடுகளை மறைத்து, கார்களை அப்புறப்படுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

இந்த ஊர்கள் மாறாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைத் தொடர்கள் காட்டுவதே இல்லை. பணம் போய்விட்டது! சஃபோக்கில் இருக்கும் லேவன்ஹாம், கம்பளித் துணி வியாபாரத்தால் டியூடர் மன்னர்கள் காலத்தில் (15, 16ம் நூற்றாண்டுகள்) இங்கிலாந்தின் பெரிய பணக்கார ஊர்களில் ஒன்று. வியாபாரம் சரிந்த பிறகு பழைய மரச்சட்ட வீடுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசு இல்லை, அதனால் அவை சாய்ந்து கோணிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டன. காட்ஸ்வோல்ட் பக்கம் பல ஊர்களின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். இன்று நாம் மயங்கி நிற்கிற அந்த அழகு, பிழைப்புப் போன நெசவாளர்கள் விட்டுச் சென்றது. இது தெரிந்து நடந்தால் அந்தத் தெருக்கள் வேறு மாதிரி தெரியும், எந்த வாசலில் எந்தக் காட்சி என்ற பட்டியலைவிட எனக்கு இதுதான் முக்கியம்.

அப்புறம், அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள். ஜன்னலில் முகத்தை ஒட்டி உள்ளே பார்ப்பது, அடுத்தவர் தோட்டத்துக்குள் புகுந்து போஸ் கொடுப்பது எதையும் செய்யாதீர்கள். படப்பிடிப்பே அங்கே எல்லோருக்கும் பிடித்த விஷயம் அல்ல. 1966ல் டாக்டர் டூலிட்டில் படத்துக்காக காசில் கூம் கிராமத்து ஓடையில் அணை கட்டியபோது, ஊரைக் கெடுக்கிறார்களே என்ற கோபத்தில் ரனல்ஃப் ஃபைன்ஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி அதை வெடிவைத்துத் தகர்க்கக் கிளம்பினார். போலீஸிடம் சிக்கி அபராதம் கட்டினார், எஸ்ஏஎஸ் சிறப்புப் படையிலிருந்தும் அவரை வெளியேற்றினார்கள். பின்னாளில் துருவப் பயணங்களால் உலகப் புகழ் பெற்றவர் அவர்தான். அவர் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை, அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் எனக்கு நன்றாகப் புரிகிறது. பாம்ப்டனில் கொஞ்சம் வேறு விதம்: தொடரில் மருத்துவமனையாக வரும் 17ம் நூற்றாண்டுப் பள்ளிக் கட்டடத்தில் உள்ளூர்க்காரர்களே ஊரின் வரலாற்று ஆவணங்களைக் காட்சிக்கு வைத்து, நினைவுப் பொருள்களும் விற்கிறார்கள். வாங்குவதானால் அங்கே வாங்குங்கள்.

சரி, எங்கே போவது? ஒரே ஒரு கிராமம் என்றால் லேகாக். லண்டன் பாடிங்டனிலிருந்து சிப்பன்ஹாமுக்கு ரயில், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் பஸ். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கிராமத்து பஸ்ஸை நம்ப முடியாது. தெருக்களைச் சுற்றியபின் மடத்துக்குள் அவசியம் போங்கள், அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய ஜன்னலை 1835ல் அதே டால்பட் குடும்பத்தவரும் புகைப்படக் கலையின் முன்னோடியுமான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் படம் எடுத்தார், இன்று மிஞ்சியிருக்கும் புகைப்பட நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுதான். தொடர்களையும் படங்களையும் இவ்வளவு நேசிக்கிற நீங்கள் அந்த ஜன்னலைப் பார்க்காமல் திரும்பக்கூடாது. பஸ் சுற்றுலாவில் வருகிறவர்கள் பெரும்பாலும் அதே மடத்தில் ஹாரி பாட்டர் படம் எடுத்த தாழ்வாரத்தோடு திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அது மனசு பொறுக்கவில்லை.

ஹைகிளியர் வருடம் முழுக்கத் திறந்திருக்காது. தேதியைப் பார்த்து முன்கூட்டியே டிக்கெட் எடுத்தால் மட்டும் போங்கள்.

பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் நாவலை எழுதிய ஜேன் ஆஸ்டின் மேல்தான் உங்களுக்குப் பிரியம் என்றால், இன்னொரு நாள் ஒதுக்கி ஹாம்ப்ஷயரில் சாட்டன் கிராமத்துக்குப் போய் வாருங்கள். 1809 முதல் 1817 வரை அவர் வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது, அவர் எழுதிய சின்னஞ்சிறு மேஜையும் இருக்கிறது. லண்டன் வாட்டர்லூவிலிருந்து ஆல்டன் வரை ரயில், இறங்கி அரை மணி நேரம் நடக்கலாம்.