கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரே பயிற்சியாளர் எப்படிப் பல ஆண்டுகள் நீடிக்கிறார்?

அமெரிக்கக் கல்லூரி அணியின் பயிற்சியாளர் வேலை ஆட்டம் சொல்லித்தருவதோடு முடிவதில்லை. பள்ளிகளில் திறமைசாலிகளைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பதும் அவர்தான். வீரர்கள் படிப்பு முடிந்ததும் போய்விடுவார்கள், அவர் இருப்பார். நாற்றங்கால் மாதிரி: ஒவ்வொரு பருவமும் நாற்று புதிது, மண் அதேதான். அந்த மண் பக்குவப்பட நாளாகும் என்பதால், பொறுமையுள்ள கல்லூரிகள் நல்ல பயிற்சியாளரை விடுவதில்லை.

ஜான் வுடனைப் பாருங்கள். 1948-ல் லாஸ் ஏஞ்சலிஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். முதல் தேசியப் பட்டம் 1964-ல்தான்! இன்றைக்கு யார் அவ்வளவு காத்திருப்பார்கள்? பிறகு 1975-ல் ஓய்வுபெறும்வரை 12 ஆண்டுகளில் 10 பட்டங்கள். இடையில் தொடர்ந்து 88 வெற்றிகள். ஆங்கில ஆசிரியராகவும் இருந்த அவர், முதல் நாள் பயிற்சியில் காலுறையைச் சுருக்கமில்லாமல் போடக் கற்றுத்தருவார். காலில் கொப்புளம் வந்தால் ஆட்டமே கெட்டுவிடும். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்த அக்கறைதான்.

பின்னாளில் அவரிடம் ஆடிய கரீம் அப்துல் ஜப்பார், பில் வால்டன் போன்ற நெடியவர்களால்தான் அவர் வென்றார் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1964-ல் வென்ற அணியின் தொடக்க ஐவரில் 6 அடி 5 அங்குலத்தைத் தாண்டியவர் எவரும் இல்லை.