லாக்டவுனில் விட்டுப்போன தட்டம்மை ஊசி: மூன்றரை வயதில் போடலாமா?

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் 2023-ல் எழுதிய கடிதம் இது: "என் மகள் 2019 நவம்பரில் பிறந்தாள். மூன்றரை மாத ஊசி வரைக்கும் சரியாகப் போட்டாச்சு. ஒன்பதாம் மாத ஊசிக்கு 2020 ஆகஸ்ட்டில் போக வேண்டியது, கொரோனா பயத்தில் போகவில்லை. ஒன்றரை வயது ஊசி சமயத்தில் இரண்டாவது அலை. இப்போது எல்.கே.ஜி. சேர்க்கப் போனால் தடுப்பூசி அட்டை கேட்கிறார்கள். 'இத்தனை நாள் ஒன்றும் ஆகலையே, இனிமே எதுக்கு' என்கிறார் கணவர். மாமியாரும் அதேதான். போடலாமா? முதலிலிருந்து எல்லாம் திரும்பப் போடணுமா?"

போடலாம் அம்மா, போட்டே ஆகணும். ஆனால் முதலிலிருந்து வேண்டாம். இடைவெளி எவ்வளவு நீண்டாலும் முன்பு போட்ட டோஸ் வீணாவதில்லை, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம். வரும் புதன்கிழமை அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தட்டம்மை-ருபெல்லா ஊசி (எம்.ஆர். என்பார்கள்) முதல் டோஸ், முத்தடுப்பு பூஸ்டர் (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியின் கூடுதல் டோஸ்), போலியோ சொட்டு மருந்து எல்லாம் அன்றைக்கே கொடுக்கலாம். ஒரே நாளில் இரண்டு ஊசியா என்று பதற வேண்டாம், வேறு வேறு இடத்தில் போடுவார்கள், உடம்பு தாங்கும். நாலு வாரம் கழித்து எம்.ஆர். இரண்டாவது டோஸ். அப்புறம் ஐந்து, ஆறு வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிற முத்தடுப்பு, அவ்வளவுதான். ஒன்று மட்டும் கவனம்: அரசுத் திட்டத்தில் எம்.ஆர். ஐந்து வயது வரைதான், அதனால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரர் விஷயம். "ஒன்றும் ஆகலையே" என்று அவர் சொல்வது உண்மைதான், ஆனால் ஏன் ஆகவில்லை? 2020, 2021 இரண்டு வருஷமும் அங்கன்வாடி பெரும்பாலும் பூட்டிக் கிடந்தது, கல்யாண வீட்டுக்குக் கூட குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, வெளியே போனவர்கள் பெரும்பாலும் மாஸ்க் போட்டிருந்தார்கள், அப்படி ஒரு காலத்தில் தட்டம்மைக்கு உங்கள் மகளிடம் வந்து சேர வழி ரொம்பக் குறைவாக இருந்தது. இப்போது முப்பது பிள்ளைகள் உட்காரும் வகுப்பறைக்குப் போகப் போகிறாள். தட்டம்மை வந்த குழந்தை எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் அதன் பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேருக்கு ஒட்டும். 2022 கடைசியில் மும்பை கோவண்டியில் தட்டம்மை பரவி குழந்தைகள் இறந்தபோது, தடுப்பூசி விட்டுப்போன பிள்ளைகள்தான் அதிகம் மாட்டினார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு குற்ற உணர்ச்சி தெரிகிறது. அது வேண்டாம். அந்தச் சமயத்தில் உலகம் முழுக்க இதேதான் நடந்தது. முத்தடுப்பு மூன்று டோஸும் முடித்த குழந்தைகள் 2019-ல் நூற்றுக்கு 86 பேர், 2021-ல் 81 பேர். 2021-ல் மட்டும் இரண்டரைக் கோடிக் குழந்தைகளுக்கு ஒரு டோஸாவது விட்டுப்போனது. இத்தனைக்கும் கூட்டம் சேரும் முகாம்களைத்தான் தள்ளிவைக்கச் சொன்னது உலக சுகாதார நிறுவனம், வழக்கமான ஊசி தொடரணும் என்றுதான் 2020 மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. அது வீட்டு வாசல் வரை வந்து சேரவில்லை. பஸ் ஓடவில்லை, தனியார் கிளினிக் பல மூடியிருந்தன, ஆஸ்பத்திரி என்றாலே கொரோனா என்ற பயம். ஆப்பிரிக்க நாடுகளை வைத்து லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2020-ல் ஒரு கணக்கு வந்தது: ஊசிக்குப் போய் வருவதால் கொரோனா தொற்றி ஒரு உயிர் போகிறது என்றால், அந்த ஊசிகளைத் தொடர்வதால் 84 குழந்தைகளின் உயிர் பிழைக்கும். இந்த ஒரு எண்ணை அன்றைக்கே எல்லா ஊரிலும் தண்டோரா போட்டுச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு.

சரி, அந்த பயத்திலும் சிலர் வந்தார்களே, எப்படி? 2020 ஏப்ரலில் என்னிடம் வந்த ஒரு அப்பா, சட்டைப் பையில் பிளாஸ்டிக் கவரில் போட்ட தடுப்பூசி அட்டையை வைத்திருந்தார். வழியில் மூன்று இடத்தில் போலீஸ் மறித்தார்களாம், மூன்று இடத்திலும் அதைக் காட்டியே வந்திருக்கிறார். அவர் ஒன்றும் அதிகம் படித்தவர் இல்லை. "எங்க ஊர் நர்சம்மா போன் பண்ணி, கட்டாயம் போடணும்னு சொன்னாங்க" என்றார். நான் பார்த்தவரை பெற்றோரின் முடிவை மாற்றுவது படிப்போ போஸ்டரோ இல்லை, தெரிந்த ஒரு முகம் சொல்வதுதான். அதே பலம் வாட்ஸ்அப்புக்கும் இருக்கிறது, அதில் வருவதும் சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அக்காவோ அனுப்பியதுதானே. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் எம்.ஆர். முகாம் நடந்தபோது வதந்தி கிளம்பி, ஊசி போடும் நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள், முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

இதில் கொரோனா தடுப்பூசிக் குழப்பமும் சேர்ந்துகொண்டது. இங்கே 15 வயது தாண்டியவர்களுக்கு 2022 ஜனவரியிலும், 12 தாண்டியவர்களுக்கு மார்ச்சிலும்தான் அது வந்தது, உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளுக்கு வரவே இல்லை. ஆனாலும் "அவசரமாகக் கொண்டுவந்த ஊசி" என்று பெரியவர்களுக்கு வந்த சந்தேகம், அரை நூற்றாண்டுக்கு மேல் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்த தட்டம்மை ஊசி மேலும் ஒட்டிக்கொண்டது.

இன்னொன்று, இதுதான் உங்கள் வீட்டிலும் ஓடுகிறது என்று நினைக்கிறேன். ஊசி போட்ட ராத்திரி குழந்தை காய்ச்சலில் அழுதால் "நீதானே கூட்டிட்டுப் போனே" என்பார்கள். போடாமல் விட்டு தட்டம்மை வந்தாலோ, அம்மை போட்டிருக்கு என்று வாசலில் வேப்பிலை செருகிவிட்டு இளநீர் கொடுப்பார்கள், யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. செய்ததற்குத்தான் பழி, செய்யாமல் விட்டதற்கு இல்லை. பழி எப்போதும் அம்மா தலையில் விழுகிற வீட்டில் அம்மா தயங்கத்தான் செய்வாள்.

அதனால் தனியாகப் போகாதீர்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வார்கள், அந்த நேரத்தில் அவர் கேட்க நினைப்பதையெல்லாம் செவிலியரிடமே கேட்கட்டும். முத்தடுப்புக்கு அன்றைக்கோ மறுநாளோ காய்ச்சல், வலி வரலாம், எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் அளவை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். எம்.ஆர். காய்ச்சல் வந்தால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரும், லேசாகத் தடிப்பும் இருக்கலாம், அதை மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். சளி, லேசான இருமல் இருந்தாலும் போடலாம். முன்பு ஏதாவது ஊசிக்குக் கடுமையான அலர்ஜி வந்திருந்தாலோ, ஸ்டீராய்டு மாதிரி மருந்து நீண்ட நாளாக ஓடினாலோ மட்டும் முதலில் டாக்டரைப் பாருங்கள். இரண்டாவது டோஸ் தேதியை அட்டையில் எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.