பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் காருக்கு 18 அங்குல அலாய் போடலாமா? எந்த டயர் அளவு சரியாக இருக்கும்?

கேட்டவரின் நிலைமை இது: 2009 மாடல் பிஎம்டபிள்யூ 320ஐ, ஈ90 தலைமுறை. கம்பெனியில் வந்த 16 அங்குல வீலில் 205/55 ஆர்16 ரன்ஃப்ளாட் டயர்கள் (காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் வகை) தேய்ந்துவிட்டன. டயர் கடைக்காரர் 18 அங்குல அலாய் காட்டி, முன்னால் 225/40, பின்னால் 255/35 போடச் சொல்கிறார். கார் ஓடுவது சென்னைக்குள், மாதம் ஒரு தடவை திருநெல்வேலி.

போட முடியும். ஆனால் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். இதே 320ஐயை எட்டு வருடமாக வைத்திருக்கிறேன். 16, 18, 17 என்று மூன்று அளவிலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இப்போது இருப்பது 17. நான்கு சக்கரத்திலும் 225/45 ஆர்17, ரன்ஃப்ளாட் இல்லாத சாதா டயர். இதை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.

முதலில் கணக்கு. 205/55 ஆர்16 என்றால் டயரின் அகலம் 205 மி.மீ., அதில் 55 சதவீதம் சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவரின் உயரம், உள்ளே 16 அங்குல ரிம். சைடுவால் 113 மி.மீ. வருகிறது, மேலும் கீழுமாக இரண்டு சைடுவாலையும் ரிம்மையும் கூட்டினால் மொத்த விட்டம் 632 மி.மீ. இந்த 632-தான் உங்கள் வண்டியின் எண். ஸ்பீடோமீட்டர், கியர் விகிதம், ஏபிஎஸ் எல்லாம் அதை வைத்தே அமைந்தவை. 225/45 ஆர்17 போட்டால் 634. 225/40 ஆர்18 போட்டால் 637. பின்னால் 255/35 ஆர்18 என்றால் 636. கடைக்காரர் சொன்ன அளவில் இந்தக் கணக்கு உதைக்கவில்லை. அவையும் பிஎம்டபிள்யூவே இந்தக் காருக்குக் கொடுத்த அளவுகள்தான்.

உதைப்பது சைடுவால். விட்டம் மாறாமல் ரிம் பெரிதானால், ரப்பர் அந்த அளவுக்குக் குறைகிறது. 16-இல் 113 மி.மீ. இருந்தது 17-இல் 101, 18-இல் 90. பள்ளத்தில் இறங்கும்போது அடியை முதலில் வாங்க வேண்டியது அந்த ரப்பரும் அதற்குள் இருக்கும் காற்றும்தான். அது போதாவிட்டால் ரிம் வாங்கும்.

என் 18 அங்குல வீல் வாங்கியது அப்படித்தான். ஒரு நவம்பர் மாதம், மழை விட்ட இரவு, வேளச்சேரி பக்கம் வந்துகொண்டிருந்தேன். தண்ணீர் தேங்கியிருந்ததால் பள்ளம் தெரியவில்லை. வேகம் 40கூட இருக்காது. டம் என்று ஒரு சத்தம், ஸ்டியரிங்கில் ஒரு உதறல், அவ்வளவுதான். காற்று இறங்கவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன். காலையில் குனிந்து பார்த்தால் முன் இடது டயரின் சைடுவாலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. வீலைக் கழற்றிய பிறகுதான் உட்பக்க விளிம்பு ஒரு சாண் நீளத்துக்கு மடங்கியிருந்தது தெரிந்தது. டயரை மாற்றிவிட்டு, ரிம்மைப் பெண்டு எடுக்கும் கடையில் கொடுத்தேன். சூடு காட்டித் தட்டி நேராக்கித்தான் தந்தார்கள். மூன்றே மாதத்தில் அந்த வீலில் மட்டும் வாரம் நாலைந்து பிஎஸ்ஐ காற்று குறைய ஆரம்பித்தது. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது, பெண்டு எடுத்த இடத்தில் முடி அளவு விரிசல் வழியாகக் குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது. அந்த வீலை அன்றோடு தூக்கிப் போட்டேன். மடங்கிய அலாயைப் பெண்டு எடுத்து முன் சக்கரத்தில் போடுவதை நீங்களும் செய்யாதீர்கள்.

எடையும் சேர்ந்துகொள்கிறது. 18 அங்குல ரெப்ளிகா வீலை (ஒரிஜினலைப் பார்த்துச் செய்த நகல்) டயரோடு கடைத் தராசில் வைத்தோம். பழைய 16-ஐவிட ஒவ்வொன்றும் நாலு கிலோ அதிகம். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை இது. ரோடு ஏறி இறங்கும்போதெல்லாம் ஷாக் அப்சார்பர் இதையும் சேர்த்து அடக்க வேண்டும். 320ஐ எஞ்சினின் சக்தி 150 குதிரைத்திறன் சொச்சம்தான். சிக்னலில் கிளம்பும்போது வண்டி சோர்ந்துபோனது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

இனி ஆஃப்செட். டயர் அளவைப் பார்த்துப் பார்த்து வாங்குபவர்கள்கூட இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். ரிம்மின் நடுக்கோட்டுக்கும், ஹப்பில் (காரில் வீல் பூட்டப்படும் நடுப்பகுதி) போய் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். வீலில் இ.டி. (ET) என்று போட்டு ஒரு எண் இருக்கும். ஐன்பிரெஸ்டீஃபே என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம் அது. பிஎம்டபிள்யூவின் ஒரிஜினல் வீல்களில் இ.டி.-க்குப் பதிலாக ஐஎஸ் (IS) என்று வார்த்திருப்பார்கள். உங்கள் 16 அங்குல வீலைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள்: 7 ஜே, 16, ஐஎஸ்34 என்று இருக்கும். 7 ஜே என்பது ரிம்மின் அகலம், அங்குலத்தில். ஈ90-க்கான ஒரிஜினல் 17 அங்குலத்தில் 8 ஜே, ஐஎஸ்34. அகலம் ஒரு அங்குலம் கூடியதால் உள்ளே 13 மி.மீ., வெளியே 13 மி.மீ. என்று சமமாகப் பிரிந்துகொள்ளும். அதற்குத் தேவையான இடம் இந்தக் காரில் இருக்கிறது.

நான் முதலில் 17-க்குப் போனபோது வாங்கியது இந்த வீல் இல்லை. முந்தைய தலைமுறையான ஈ46-இலிருந்து கழற்றிய செட் ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தது. ஐந்து போல்ட், 120 மி.மீ. பிசிடி (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), நடு ஓட்டை 72.6 மி.மீ., எல்லாமே என் வண்டிக்கு ஒத்துப்போனது. அகலமும் 8 ஜேதான். ஆனால் ஐஎஸ்47. ஒரிஜினலைவிட 13 மி.மீ. கூடுதலாக உள்ளே போகிறது. என் பழைய 16-உடன் ஒப்பிட்டால் உட்பக்கம் 26 மி.மீ. கிட்டே வந்துவிடுகிறது. மாட்டிவிட்டு, டயருக்கும் ஷாக் அப்சார்பர் குழாய்க்கும் நடுவே கை விட்டுப் பார்த்தேன். சுண்டு விரல் நுழையவில்லை. ஒரு காகிதம் வேண்டுமானால் நுழைந்திருக்கும். திருப்பத்தில் டயர் கொஞ்சம் வளைந்தாலே உரசும். கடைக்காரர் ஸ்பேசர், அதாவது ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைத்து வீலை வெளியே தள்ளும் தகடு, போட்டுவிடலாம் என்றார். ஸ்பேசர் போட்டால் அதற்கேற்ற நீளமான போல்ட்டும் வேண்டும், ஸ்பேசரும் ஹப்பைப் பிடித்து உட்காரும் வகையாக இருக்க வேண்டும். அவரிடம் இருந்தது சும்மா ஒரு வட்டத் தகடு. வேண்டாம் என்று செட்டையே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஈ39 என்கிற பழைய 5 சீரிஸ் வீல்களும் சந்தையில் அடிக்கடி வரும். பிசிடி அதே 120 என்பதால் போல்ட் இறங்கிவிடும். ஆனால் அதன் நடு ஓட்டை 74.1 மி.மீ. உங்கள் ஹப் 72.6. ஒன்றரை மி.மீ. இடைவெளியோடு மாட்டினால் வீல் ஹப்பில் உட்காராமல் போல்ட்டிலேயே தொங்கும், 80-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் ஆடும். எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் போகாது. இடைவெளியை அடைக்கும் வளையம் போட வேண்டும்.

இந்தத் தொல்லையெல்லாம் இல்லாமல் இருக்க ஒரு வழி உண்டு. 3 சீரிஸ் 2007-இலிருந்து நம் செங்கல்பட்டுப் பக்கம், மகிந்திரா வேர்ல்டு சிட்டி ஆலையிலேயே பூட்டப்பட்ட கார். அதனால் ஈ90-இலிருந்து கழற்றிய ஒரிஜினல் வீல்கள் தேடினால் இங்கேயே கிடைக்கும். பின்பக்கம் ஏழு இலக்கப் பாக எண் வார்த்திருக்கும். வாங்கும் முன் பேலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுற்றவிட்டு, உள் விளிம்பைக் கண்ணால் பாருங்கள். பெயின்ட் அடித்துப் புதிதுபோல இருக்கும் ரெப்ளிகாவைவிட, கீறல் விழுந்த ஒரிஜினலையே எடுப்பேன்.

முன்னால் ஒரு அகலம், பின்னால் ஒரு அகலம் என்பதைப் பற்றி: பின்சக்கரத்தால் ஓடும் வண்டிக்கு அது அழகாகத்தான் இருக்கும். ஆனால் முன் டயரைப் பின்னுக்கும், பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போட முடியாது. தேய்மானம் சீராக இருக்காது. 255 அகலத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் சக்தியும் 320ஐயிடம் இல்லை. நான்கிலும் 225 போட்டால் முன்பக்கம் திருப்பத்தில் இன்னும் சுறுசுறுப்பாக உள்ளே வருகிறது. கொல்லிமலைக்கு இந்த டயரோடுதான் ஏறி இறங்கினேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி சொன்ன இடத்தில் நின்றது.

ரன்ஃப்ளாட் வேண்டுமா என்பது தனிக் கேள்வி. அதன் சைடுவாலை உள்ளே கூடுதல் ரப்பர் வைத்துத் தடிமனாக்கியிருப்பார்கள். காற்றே இல்லாவிட்டாலும் மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்குள், ஏறத்தாழ 80 கி.மீ. தூரம் போகலாம். நகரத்துக்குள் இது பெரிய வசதி. ஆனால் திருநெல்வேலி பயணத்தை நினைத்துப் பாருங்கள். துவரங்குறிச்சி தாண்டிப் பஞ்சர் ஆனால் மதுரை வரை உருட்டிக்கொண்டு போய்விடலாம். காற்றில்லாமல் அவ்வளவு தூரம் ஓடிய டயரை ஒட்டி மறுபடி ஓட்டுவது நல்லதில்லை, புதிதுதான் போட வேண்டும். அந்த அளவில் ரன்ஃப்ளாட் மதுரையில் அன்றைக்கே கையிருப்பில் இருக்க வேண்டுமே! சாதா டியூப்லெஸ் டயர் என்றால், ஆணி குத்தியதை நாமே பஞ்சர் கிட் வைத்து ரோட்டோரத்தில் இருபது நிமிடத்தில் அடைத்துவிடலாம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் பம்பு ஒன்று போதும். ரன்ஃப்ளாட்டுக்கான ஒரிஜினல் ரிம்மில் சாதா டயர் போடுவதற்குத் தடை ஏதும் இல்லை. அதை மாற்றிய அன்று வீட்டுக்கு வரும் வழியிலேயே வண்டி வேறு வண்டியானது. பாலத்தின் இணைப்புகளில் வந்துகொண்டிருந்த அந்தத் தட் தட் அடி போய்விட்டது. நான்கில் இரண்டு ரன்ஃப்ளாட், இரண்டு சாதா என்று மட்டும் கலந்து போடாதீர்கள்.

செலவு கையைக் கடிக்கிறது என்றால், வீலை மாற்றாமல் 16-இலேயே இருப்பதில் எந்தக் குறையும் இல்லை. 205/55 ஆர்16 ஜெட்டா, லாரா போன்ற கார்களும் போடும் அளவு, எந்த ஊரிலும் கிடைக்கும். நல்ல கம்பெனியின் நல்ல டயராகப் போட்டால், மலிவான 18 அங்குல டயரைவிட மழையில் அதுதான் நம்பிப் பிரேக் பிடிக்க வைக்கும். தரையிடைவெளிக்காக 225/50 ஆர்17 போடச் சொல்பவர்கள் உண்டு. விட்டம் 657 ஆகிறது, கிட்டத்தட்ட 4 சதவீதம் கூடுதல். மீட்டர் காட்டுவதைவிட வேகமாகப் போக வாய்ப்பிருக்கிறது, சக்கர வளைவில் உரசவும் கூடும். அது வேண்டாம்.

டயர் பில் போடும் முன் இரண்டு எண்களைப் பாருங்கள். அளவுக்குப் பக்கத்தில் 91வி என்பதுபோல இருக்கும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், வி என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை ஏற்றது. ஓட்டுநர் கதவு பக்கத்து ஸ்டிக்கரில் சொன்னதைவிட இது குறையக் கூடாது. இன்னொன்று தயாரித்த வாரம்: 2224 என்றால் 2024-இன் 22ஆவது வாரம். ஒரு வருடத்துக்கு மேல் கடையில் கிடந்ததை நான் எடுப்பதில்லை. மாட்டும்போது போல்ட்டை ஏர் கன்னால் அடித்துவிட்டுப் போகவிடாதீர்கள். டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்துக் கையால் இறுக்கச் சொல்லுங்கள். அப்புறம் காற்றழுத்த எச்சரிக்கையை மெனுவில் போய் ரீசெட் செய்ய வேண்டும். சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டுத்தான் அது காற்று இறங்கியதைக் கண்டுபிடிக்கிறது.

17-க்கு மாறினாலும் பழைய 16 அங்குல வீல்களை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். இந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது. சைடுவால் கிழிந்தால் பஞ்சர் கிட்டும் உதவாது. நான் ஒரு 16-இல் சாதா 205/55 மாட்டி, ஊருக்குப் போகும்போது ஜாக்கியோடு டிக்கியில் போட்டுக்கொள்கிறேன். 632-க்கும் 634-க்கும் வித்தியாசம் இரண்டே மி.மீ. என்பதால், அடுத்த ஊர் டயர் கடை வரை அது தாராளமாக ஓடும்.