சுவர்க் கட்டில் கழன்று வந்தால் பொறுப்பு யாருடையது?

கேள்வி: சிங்கப்பூரில், பொங்கோலில் மூவறை வீடு. ஊரிலிருந்து அத்தையும் மாமாவும் வந்தால் படுப்பதற்காக, சுவரோடு மடங்கி அலமாரிபோல் நிற்கும் கட்டிலை 3,600 வெள்ளிக்கு வாங்கினோம். கடை ஆட்களே வந்து பொருத்தினார்கள். நான்காம் மாதம் மேல்பக்கத் தாங்கி சுவரைவிட்டுக் கழன்று, கட்டில் முன்னால் சாய்ந்தது. ஒரு முறை வந்து ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுப் போனார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி கழன்றது. இப்போது, "உங்கள் சுவர் சரியில்லை. பொருத்திய பிறகு பணம் திரும்பக் கிடைக்காது என்று ரசீதிலேயே இருக்கிறது" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தக் கட்டிலைத் திறக்காதீர்கள், அது விழாதபடி முட்டுக் கொடுத்து, யாரும் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தை மாமா வந்திருந்தால் இன்றே வேறு இடத்தில் படுக்க வையுங்கள். வேறு ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்யவும் வேண்டாம். கழன்ற துளை, ஸ்க்ரூ, தாங்கி எல்லாவற்றையும் இருக்கிற நிலையிலேயே படம் எடுங்கள். அவைதான் உங்கள் சாட்சி.

சுவர் விஷயத்துக்கு வருவோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் எல்லாச் சுவரும் ஒரே மாதிரி இல்லை. அறைகளுக்கு இடையே உள்ள தடுப்புச் சுவர் சில இடங்களில் எடை குறைந்த பலகையாக இருக்கும். சுவரில் தொங்கும் கட்டிலை விற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவருடைய ஆட்களே இடத்தைப் பார்த்து, துளை போட்டுப் பொருத்தியிருக்கும்போது, சுவர்மேல் பழியைப் போட்டுத் தப்பிப்பது கடினம். ஆனால் இரண்டு விஷயங்களை நீங்கள் யோசிக்க வேண்டும். "இது கான்கிரீட் சுவர்தான்" என்று நீங்கள் உறுதி சொன்னீர்களா? கடை சொன்னதைவிடக் கனமான மெத்தை போட்டீர்களா? இந்தக் கட்டில்களின் ஸ்பிரிங்கும் பிஸ்டனும் குறிப்பிட்ட எடைக்கென்றே அமைக்கப்பட்டவை. இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் உங்கள் வாதம் கொஞ்சம் பலவீனப்படும்.

இல்லையென்றால் நீங்கள் வலுவான இடத்தில் நிற்கிறீர்கள். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த லெமன் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், அது முதல் நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். அப்படி இல்லை என்று காட்டுவது கடையின் வேலை. முதலில் அவர்கள் தங்கள் செலவில் பழுதுபார்க்கவோ மாற்றிக் கொடுக்கவோ வேண்டும். நியாயமான காலத்தில் அது நடக்கவில்லை என்றால் விலையைக் குறைக்கும்படியோ, கட்டிலைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தையோ கேட்கலாம். பயன்படுத்திய நாட்களுக்காக ஒரு தொகை கழிக்கப்படலாம். ரசீதில் உள்ள அந்த ஒரு வரி இந்த உரிமையைப் பறித்துவிடாது.

இன்றே கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் போதும், மின்னஞ்சலும் சேர்ந்தால் நல்லது. குறை, முதலில் பழுதுபார்த்தும் மறுபடி கழன்ற தேதி, நீங்கள் கேட்பது, 14 நாள் கெடு: இவ்வளவு இருந்தால் சரி. கோபத்தை அதில் கொட்டாதீர்கள், பின்னால் நடுவர் படிக்கப்போகிற காகிதம் அது. பதில் இல்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் சமரசம் கேட்கலாம். நேராகச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கும் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது எடுக்கும். உங்கள் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளி. இணையத்திலேயே பதியலாம். ரசீதில் உள்ள கடைப் பெயரை மட்டும் நம்பாமல், நிறுவனத்தின் பதிவுப் பெயரை, அரசின் நிறுவனப் பதிவுத் தளமான பிஸ்ஃபைலில் பார்த்து எழுதுங்கள். வழக்கறிஞர் அங்கே உங்களுக்காக வாதாட முடியாது, கடைக்காகவும் முடியாது.

இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும் என்பது விதி. ஆனால் கடை மூடிவிட்டால் தீர்ப்பு கையில் இருந்தும் பணம் வராது, அதனால் தாமதிக்காதீர்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் அந்த இழப்பீடு இந்த மன்றத்தில் வராது. மருத்துவச் சான்றோடு ஒரு வழக்கறிஞரைத் தனியாகப் பாருங்கள்.