யாருக்குத் தொந்தரவே இல்லை?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. ஏழு மாதமாக இலியோஸ்டமி, அதாவது ஆபரேஷன் செய்து சிறுகுடலை வயிற்றின் வழியே வெளியே திறந்துவிட்டிருக்கிறார்கள், மலம் சேர வயிற்றில் பை. மே மாதம் குடும்பத்தோடு காரில் ஊட்டி போகிறோம். அம்மா, 'நான் ஊட்லயே இருந்துக்கறன்' என்கிறார். போன மாதம் பழனிக்குக் கூட்டிப் போனபோது காலையிலிருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லை, அதனால் வழியில் தொந்தரவே இல்லை. ஊட்டிக்கும் அப்படியே போகலாமா? எத்தனை பை எடுக்க வேண்டும்?
— மகன், பெருந்துறை

பதில்: தம்பி, பை எத்தனை என்பது அப்புறம். 'தொந்தரவே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, யாருக்கு இல்லை? கார் ஓட்டினவருக்கு. பின்சீட்டில் இருந்தவருக்கு அன்று ராத்திரி தலை சுற்றியதா, கெண்டைக்கால் பிடித்து இழுத்ததா, மூத்திரம் கடும் மஞ்சளாகக் கொஞ்சமே போனதா? கேட்டீர்களா?

தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பித் தருவது பெருங்குடல். உங்கள் அம்மாவுக்குச் சிறுகுடலிலிருந்தே பைக்குப் போய்விடுகிறது. சாதாரண நாளிலேயே 500 முதல் 800 மில்லி வரை வெளியே போகும். பட்டினி போட்டாலும் குடல் ஓயாது. நீரும் வாயுவுமாகத் தள்ளும். குடிக்காமலும் இருந்தால் அடி விழுவது சிறுநீரகத்துக்கு. பெற்றவளைத் தாகத்தோடு உட்காரவைத்துச் சாமி கும்பிட்டதைப் புண்ணியத்தில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை.

வெறும் தண்ணீரை மடக்மடக்கென்று குடிப்பதும் பத்தாது, உப்பு வேண்டும். ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டரிலேயே கலக்கி, வழியெல்லாம் வாய்வாயாகக் குடிக்கட்டும். இதயம், சிறுநீரகம், பிரஷர் தொல்லை இருந்தால் டாக்டரிடம் அளவு கேளுங்கள். இளநீர் நம்மூர்ப் பெருமைதான், ஆனால் அதில் சோடியம் குறைவு, இதற்கு ஈடாகாது. காலையில் இட்லியோ குழைந்த சோறோ சாப்பிட்டால் போவது கொஞ்சம் கெட்டிப்படும். ஊட்டி ரோட்டோரத்துச் சுட்ட மக்காச்சோளமும் பச்சைக் கேரட்டும் அவருக்கு ஆகாது, குடலை அடைத்துக்கொள்ளும். சில மணி நேரம் பையில் ஒன்றும் விழாமல் வயிறு வலித்து வாந்தி வந்தால் நேராக ஆஸ்பத்திரிக்கு.

எத்தனை பை என்பதை ஏழு மாதம் கழித்து என்னிடமா கேட்பது? அம்மாவிடம் கேளுங்கள். வழக்கமாக ஆவதைப்போல் இரண்டு பங்கு எடுத்து, இரண்டு கைப்பையில் பிரித்து வையுங்கள். பையைத் தோலோடு பிடித்துக்கொள்ளும் ஒட்டும் பிளேட்டில் துளையை வீட்டிலேயே வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்டோமாவை (வயிற்றில் குடல் திறந்திருக்கும் வாயை) விட 2, 3 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் போதும். அதற்குமேல் வெட்டினால் தோல் வெந்துபோகும். வெயிலில் நிறுத்திய காரில் வைத்தால் பசை இளகிவிடும்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேலே ஏற ஏற வாயு விரிந்து பை உப்பும், அவ்வப்போது திறந்து விட்டால் சரி. மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்ய வேண்டும். முழுக்க நிரம்பினால் கனத்தில் பிளேட் பெயர்ந்துவிடும். கழிப்பறையில் முதலில் டிஷ்யூ பேப்பரைப் போட்டுக்கொண்டால் தெறிக்காது.

அவிநாசியில் ஒரு தடவை, மலை ஏறுமுன் மேட்டுப்பாளையத்தில் ஒரு தடவை வண்டியை நிறுத்துங்கள். அம்மா சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவர் சொல்ல மாட்டார்.